‘சராசரிச் செலவு இவ்வளவுதான்’ என்ற கூற்று உண்மையா? கருதுகோள் சோதனை மூலம் சரிபார்ப்பது எப்படி: ஒரு விளக்கம்

அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவருக்காகக் குடும்பம் ஓராண்டில் செலவிடும் சராசரித் தொகை 2,863 ரூபாய். அரசு சாரா பள்ளிகளில் அத்தொகை 25,002 ரூபாய். மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் 2025 ஆகஸ்ட் இறுதியில் வெளியிட்ட கல்வி குறித்த ஆய்வில் இவ்விவரங்கள் இடம்பெற்றன. தேசிய மாதிரி ஆய்வின் 80-வது சுற்றின் ஒரு பகுதியாக 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடைபெற்ற இந்த ஆய்வில் 52,085 குடும்பங்களிடமும் 57,742 மாணவர்கள் குறித்தும் தகவல் திரட்டப்பட்டது.

இந்த எண்களைப் படிக்கும் பெருநகரப் பெற்றோர் பலருக்கு முதலில் தோன்றுவது அவநம்பிக்கைதான். ‘ஒரே குழந்தைக்கு ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் கட்டுகிறேன், சராசரி 25 ஆயிரம் என்பது எப்படிச் சரியாகும்?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்வி சராசரியைச் சற்றும் அசைப்பதில்லை. 25,002 ரூபாய் என்பது கிராமப்புறத்தையும் நகர்ப்புறத்தையும் சேர்த்து நாடு முழுமைக்கும் கணக்கிடப்பட்ட தொகை. பாடநெறிக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே, நகர்ப்புறத்தில் மாணவர் ஒருவருக்குச் சராசரியாக 15,143 ரூபாயும் கிராமப்புறத்தில் 3,979 ரூபாயும் செலவாவதாக அதே ஆய்வு கூறுகிறது. ஒன்றரை இலட்சம் கட்டும் ஒருவரும் பத்தாயிரம் கட்டும் பலரும் ஒரே சராசரிக்குள் அடங்குவர். தனி ஒருவரின் ரசீது எவ்வளவு பெரியதாயினும் அது ஒரு சராசரியைப் பொய்யாக்காது.

அப்படியென்றால் சராசரி குறித்த ஒரு கூற்றை எவராலும் கேள்வி கேட்கவே இயலாதா? இயலும். அதற்கெனப் புள்ளியியல் வகுத்துள்ள முறைக்குக் கருதுகோள் சோதனை என்று பெயர். மேல்நிலை வகுப்பு வணிகக் கணிதத்தில் படித்து, தேர்வு முடிந்ததும் பலர் மறந்துவிட்ட பாடம் அது. கட்டணம், வாடகை, மருத்துவச் செலவு என எதைப் பற்றிய விவாதத்திலும் ‘சராசரி’ என்ற சொல் வாதமாக வைக்கப்படும் இக்காலத்தில் அந்தப் பாடத்தைத் திரும்பப் புரட்டுவது பயனளிக்கும். தனியார் பள்ளிக் கட்டணத்தை நெறிப்படுத்தும் சட்டத்தை டெல்லி சட்டப்பேரவை 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. வேறு பல மாநிலங்களிலும் இத்தகைய ஏற்பாடுகள் உள்ளன. ஒரு குழுவின் முன் இரு தரப்பும் எண்களுடன் அமரும்போது, எந்த எண்ணுக்கு எவ்வளவு எடை தருவது என்பது வெறும் கணித ஆர்வம் அன்று. குடும்பங்களின் பணம் சார்ந்த விஷயம்.

ஒரு கற்பனை வழக்கு

எளிதில் விளங்குவதற்காக ஒரு நகரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இனி வரும் எண்கள், வேறாகக் குறிப்பிடாத இடங்களில், விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவையே. அந்நகரின் தனியார் பள்ளி நிர்வாகங்கள், ‘எங்கள் நகரில் ஒரு மாணவருக்கான ஆண்டுச் சராசரிச் செலவு 25 ஆயிரம் ரூபாய்தான்’ என்கின்றன. பெற்றோர் தரப்பு அதை ஏற்கவில்லை. நகரின் எல்லாத் தனியார் பள்ளிகளின் மாணவர் பதிவேடுகளையும் ஒன்றாக வைத்து, குலுக்கல் முறையில் 40 மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கட்டணம், புத்தகம், சீருடை, போக்குவரத்து என அனைத்தையும் அவர்களுடைய குடும்பங்களிடம் ரசீதுடன் கேட்டறிகின்றனர். 40 பேரின் சராசரி 27,800 ரூபாய் என வருகிறது.

கூறப்பட்டதைவிட 2,800 ரூபாய் அதிகம். ‘பார்த்தீர்களா, பொய் அம்பலமாகிவிட்டது’ என்று ஒரு தரப்பு எழும். ‘வெறும் 40 பேரைக் கேட்டுவிட்டு ஒரு நகரத்தையே முடிவு செய்வதா?’ என்று மறுதரப்பு எழும். இரண்டு குரலிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதே சோதனையின் வேலை.

முதல் படி, எதைச் சோதிக்கிறோம் என்பதை எழுதி வைப்பது. ‘நகரின் உண்மையான சராசரி 25,000 ரூபாய்’ என்ற கூற்று இன்மைக் கருதுகோள் எனப்படும். வேறுபாடு ஏதும் இல்லை என்று கொள்வதால் அந்தப் பெயர். ‘சராசரி 25,000 அன்று’ என்பது மாற்றுக் கருதுகோள். இன்மைக் கருதுகோள் உண்மை என்றே தற்காலிகமாக வைத்துக்கொண்டு, அவ்வாறாயின் நம் கையில் கிடைத்த 27,800 எவ்வளவு அபூர்வமானது என்று கேட்கிறோம். மிகவும் அபூர்வம் என்றால் கூற்றைக் கைவிடுகிறோம்.

குற்றவியல் நீதிமன்ற நடைமுறையை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எதிரி நிரபராதி. சாட்சியம் போதாதபோது சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கின்றனர். அந்த விடுதலை, அவர் எத்தவறும் செய்யவில்லை என்பதற்கான சான்றிதழ் ஆகாது. இன்மைக் கருதுகோளுக்கும் அதே சலுகைதான், அதே வரம்புதான்.

திட்டப் பிழை என்னும் அளவுகோல்

2,800 ரூபாய் வேறுபாடு பெரியதா, சிறியதா? தனியாக நின்று இதற்குப் பதில் சொல்ல முடியாது. குலுக்கலில் வேறு 40 பேர் வந்திருந்தால் சராசரி வேறாக வந்திருக்கும். இன்னொரு முறை குலுக்கினால் இன்னொன்று. இப்படி மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு ஊசலாடும் என்பதைக் காட்டும் அளவே திட்டப் பிழை. பிழை என்ற சொல் இருந்தாலும் எவரும் தவறு செய்ததாகப் பொருளில்லை. குலுக்கலின் இயல்பான தடுமாற்றம் அது.

அதைக் கணக்கிட இரண்டு விவரங்கள் போதும். ஒன்று, குடும்பங்களின் செலவு ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கிறது என்பது. இதற்குத் திட்ட விலக்கம் என்று பெயர். நம் எடுத்துக்காட்டில் 9,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மற்றொன்று மாதிரியின் அளவு, அதாவது 40. திட்ட விலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 40-இன் வர்க்கமூலம் சுமார் 6.32. 9,000-ஐ அதனால் வகுத்தால் சுமார் 1,423 ரூபாய் கிடைக்கிறது.

இப்போது கேள்வி எளிதாகிவிட்டது. 2,800 ரூபாய் வேறுபாடு, 1,423 ரூபாய் ஊசலாட்டத்தைப் போல எத்தனை மடங்கு? ஏறக்குறைய 1.97 மடங்கு. இந்த விகிதத்தையே டி மதிப்பு என்கிறோம்.

டி என்ற பெயருக்குப் பின்னால் ஒரு மதுபான ஆலை இருக்கிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், பார்லி, ஹாப்ஸ் போன்ற மூலப்பொருள்களின் தரத்தைச் சில மாதிரிகளை மட்டும் கொண்டு மதிப்பிட வேண்டிய நிலையில் இருந்தார். பெரிய மாதிரிகளுக்கு வகுக்கப்பட்ட அன்றைய சூத்திரங்கள் அவருக்கு உதவவில்லை. சிறிய மாதிரிகளில் திட்ட விலக்கமே நிச்சயமற்றது என்பதைக் கணக்கில் கொண்டு அவர் உருவாக்கிய முறை, 1908-இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியானது. உலகெங்கும் ‘ஸ்டூடண்ட் டி சோதனை’ என்று பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டதும் அந்தப் புனைபெயரே.

கேள்வியை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்

1.97 என்ற எண்ணை வைத்து என்ன தீர்ப்பு வழங்குவது? வழக்கமாக ஐந்து சதவீத எல்லை பின்பற்றப்படுகிறது. அதாவது, கூற்று உண்மையாக இருக்கும்போதே அதைத் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு 100-க்கு 5-ஐத் தாண்டக் கூடாது. 40 பேர் கொண்ட மாதிரியில், வேறுபாடு மேலாகவும் இருக்கலாம், கீழாகவும் இருக்கலாம் என்று இருபுறமும் நோக்கினால், டி மதிப்பு 2.02-ஐத் தாண்ட வேண்டும். நம் மதிப்பு 1.97. மயிரிழையில் தாண்டவில்லை. கூற்றை நிராகரிக்கப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு.

ஆனால் பெற்றோர் தரப்பின் குற்றச்சாட்டு, ‘செலவு 25,000-ஐ விட அதிகம்’ என்பதுதானே? ஒருபுறம் மட்டும் நோக்கினால் எல்லை 1.69-க்குக் குறைந்துவிடும், 1.97 அதைத் தாண்டிவிடும், கூற்று நிராகரிக்கப்படும். அதே 40 குடும்பங்கள், அதே ரசீதுகள், இரண்டு வெவ்வேறு தீர்ப்புகள்!

இது சோதனையின் ஓட்டை என்று தோன்றலாம். உண்மையில் ஓட்டை இருப்பது அதைப் பயன்படுத்துவோரின் நடத்தையில்தான். ஒருபுறச் சோதனையா, இருபுறச் சோதனையா என்பதைத் தகவல் திரட்டுவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எண்களைப் பார்த்த பின், தமக்குச் சாதகமான சோதனையைத் தேர்ந்தெடுப்பது, கல்லை எறிந்துவிட்டு அது விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதற்குச் சமம். ஆய்வு முடிவை முன்வைக்கும் எந்தத் தரப்பிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாகவே இருக்க வேண்டும். நடைமுறையில் அதை எவரும் கேட்பதில்லை.

ஐந்து சதவீதம் என்ற எல்லையும் இயற்கை விதி அன்று. ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய ஒரு வசதியான மரபு அது. நம் எடுத்துக்காட்டில் இருபுறச் சோதனையின் பி மதிப்பு சுமார் 0.056. அதாவது, உண்மையான சராசரி 25,000-ஆகவே இருந்தாலும், குலுக்கலின் தடுமாற்றத்தால் மட்டும் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தோன்றும் வாய்ப்பு 100-க்கு 5.6. இதை ‘கூற்று உண்மையாக இருக்கும் வாய்ப்பு 5.6 சதவீதம்’ என்று படிப்பது பரவலான தவறு. அவ்வாறு பொருள் கொள்ளக் கூடாது என்றும், ஓர் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றும் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிக்கையாகவே வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

இதனால் பலரும் தீர்ப்புக்குப் பதிலாக ஓர் இடைவெளியைத் தருவதை விரும்புகின்றனர். நம் மாதிரியின்படி 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, தோராயமாக 24,920 ரூபாய் முதல் 30,680 ரூபாய் வரை. 25,000 அதன் கீழ் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 30,000 ரூபாயும் அதனுள்ளேயே இருக்கிறது. ‘கூற்று நிராகரிக்கப்படவில்லை’ என்ற ஒற்றை வரியைவிட இந்த இரண்டு எண்கள் குழுவுக்கு அதிகம் சொல்லும். பள்ளிகள் சொல்வது தப்பிப் பிழைத்திருக்கிறது; ஆனால் மாதிரி காட்டும் திசை அவர்களுக்குச் சாதகமாக இல்லை.

நிராகரிக்காதது நிரூபித்தது ஆகாது

ஒரு சோதனையில் இரு வகைப் பிழைகள் நேரலாம். உண்மையான கூற்றை நிராகரிப்பது முதல் வகை. பொய்யான கூற்றைத் தப்பவிடுவது இரண்டாம் வகை. ஐந்து சதவீத எல்லை முதல் வகையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. இரண்டாவதைப் பற்றிப் பொதுவிவாதங்களில் பேச்சே எழுவதில்லை.

நகரின் உண்மையான சராசரி 28,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிகள் சொல்வதைவிட மாணவர் ஒருவருக்கு 3,000 ரூபாய் அதிகம்; கவனிக்கத்தக்க தொகைதான். 40 பேர் கொண்ட இருபுறச் சோதனை இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஏறக்குறைய பாதிக்குச் சற்று மேல். நாணயத்தைச் சுண்டிவிடுவதைவிடப் பெரிதாக மேம்பட்டது அன்று. இந்த நிலையில் ‘சோதனையில் தேறிவிட்டோம்’ என்று பள்ளிகள் அறிவிக்குமானால், தேறியது கூற்று அன்று; மாதிரி சிறியதாக இருந்தது என்பதே உண்மை.

மாதிரியைப் பெரிதாக்கினால் நிலைமை மாறும், ஆனால் மெதுவாகவே மாறும். வகுப்பது வர்க்கமூலத்தால் என்பதால், திட்டப் பிழையைப் பாதியாகக் குறைக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். இதே சராசரியும் விலக்கமும் 160 பேரிடம் கிடைத்திருந்தால் டி மதிப்பு 3.94 ஆகியிருக்கும், விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. பத்துப் பேரிடம் மட்டும் கேட்டிருந்தால் 0.98; எதையும் சொல்லியிருக்க முடியாது. மறுபக்கம், பல்லாயிரம் பேரைக் கேட்டால் 200 ரூபாய் வேறுபாடுகூடப் புள்ளியியல் எல்லையைத் தாண்டிவிடும். எல்லையைத் தாண்டியது என்பதும், குடும்பத்துக்குப் பொருட்படுத்தத்தக்கது என்பதும் வேறு வேறு. 200 ரூபாய்க்காகக் கட்டணக் குழுவைக் கூட்டுவதா என்பதைச் சூத்திரம் தீர்மானிக்காது.

ஒரே ஒரு பெரிய எண்

செலவு விவரங்களில் ஒரு தனித்தன்மை உண்டு. கீழ்ப்பக்கம் பூச்சியத்தில் நின்றுவிடும். மேல்பக்கத்துக்கு எல்லையே இல்லை. நம் 40 பேரில், செலவு சராசரியாகவே இருந்த ஒரு குழந்தைக்குப் பதிலாக, ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் வாங்கும் சர்வதேசப் பள்ளியில் படிக்கும் குழந்தை ஒன்று குலுக்கலில் வந்ததாகக் கொள்வோம். சராசரி 27,800-இலிருந்து சுமார் 34,600-க்குத் தாவும். கூற்று இன்னும் பலமாகத் தகரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடப்பது நேர்மாறு. திட்ட விலக்கம் 9,000-இலிருந்து சுமார் 44,000-ஆக வீங்கிவிடுகிறது. திட்டப் பிழை 6,950 ரூபாயை எட்டுகிறது. டி மதிப்பு 1.38-ஆகச் சரிகிறது. வேறுபாடு மூன்று மடங்குக்கும் மேலாக உயர்ந்தபோது, அதன் மீதான நம்பிக்கை குறைந்துவிட்டது!

காரணம் விளங்கக்கூடியதே. ஒரே ஒரு குடும்பம் வந்தால் ஏறி, வராவிட்டால் இறங்கும் சராசரியை எவ்வளவு நம்ப முடியும் என்று சோதனை தயங்குகிறது. இத்தகைய இடங்களில், செலவுகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுக்கும் இடைநிலை மதிப்பு நேர்மையான படத்தைத் தரும். சராசரியை மட்டும் சொல்லி, இடைநிலையைச் சொல்லாமல் விடும் அறிக்கைகளைச் சற்று ஐயத்துடன் படிப்பதில் தவறில்லை.

யாரைக் கேட்டார்கள்?

இதுவரை சொன்ன அனைத்தும் ‘குலுக்கல் முறையில்’ என்ற ஒரு சொல்லின் மீது நிற்கிறது. அதை நீக்கிவிட்டால் மேலே கட்டிய கணக்கு முழுவதும் சரிந்துவிடும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவத்தைப் பகிர்ந்து, விரும்பியவர்கள் நிரப்பலாம் என்று விட்டால், கட்டணத்தால் கொதித்துப்போனவர்களே முதலில் நிரப்புவர். ஐயாயிரம் பேர் நிரப்பினாலும் அது ஐயாயிரம் கோபக்காரர்களின் சராசரியே. பள்ளி நிர்வாகங்கள் தாமாக முன்வந்து தரும் பட்டியலிலும் இதே குறை எதிர்த்திசையில் இருக்கும். இந்த வகைச் சாய்வைத் திட்டப் பிழை அளப்பதில்லை. மாதிரியைப் பெரிதாக்கினாலும் அது நீங்குவதில்லை.

இந்தியாவில் இந்தச் சிக்கலை ஆழமாக உணர்ந்தவர் பேராசிரியர் பி.சி. மகலநோபிஸ். கொல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய அவர், வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி ஆய்வு மூலம் மதிப்பிடும் பணியில் ஈடுபட்டபோது, ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு களப்பணியாளர்களை அனுப்பி, அவர்கள் கொண்டுவரும் விடைகளை ஒப்பிடும் முறையைக் கையாண்டார். குலுக்கலின் தடுமாற்றத்தோடு, கேட்பவரின் தடுமாற்றத்தையும் பிடிக்க அது உதவியது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு அவரது முயற்சியின் தொடர்ச்சியே. அவரது பிறந்த நாளான ஜூன் 29, தேசியப் புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தேசிய மாதிரி ஆய்வில் குடும்பங்கள் நேரடியாகக் குலுக்கப்படுவதில்லை. முதலில் கிராமங்களும் நகர்ப்புறத் தொகுதிகளும் தேர்வாகின்றன. பின்னர் அவற்றுக்குள் குடும்பங்கள். ஒரே தெருவில் வசிப்போரின் செலவுகள் ஓரளவு ஒத்திருக்கும் என்பதால், மேலே கண்ட எளிய சூத்திரத்தை அத்தகைய ஆய்வுக்கு அப்படியே பொருத்தினால் திட்டப் பிழை உண்மையைவிடச் சிறியதாகத் தோன்றும். அதற்கெனத் தனிக் கணக்கீடுகள் உள்ளன.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 25,002 ரூபாய் என்பதும் ஒரு மாதிரியிலிருந்து கிடைத்த மதிப்பீடே. ஒரு நகரத்தின் மாதிரியை அதனுடன் ஒப்பிடும்போது இரு பக்கத்திலும் ஊசலாட்டம் உண்டு. அதற்கு இரு மாதிரிச் சோதனை தேவை. பழைய ஆய்வுடன் ஒப்பிடுவது அதைவிடச் சிக்கலானது. 2017-18-இல் நடந்த 75-வது சுற்றையும் 2025 ஆய்வையும் அருகருகே வைத்து ‘செலவு இத்தனை மடங்கு உயர்ந்தது’ அல்லது ‘குறைந்தது’ என்று சமூக ஊடகங்களில் எழுதுவோர் உண்டு. ஆனால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட இயலாது என்று அமைச்சகமே தெளிவுபடுத்தியுள்ளது. இம்முறை அங்கன்வாடிகளும் முன்பருவக் கல்வி என்ற வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. தனிப்பயிற்சிச் செலவும் பள்ளிச் செலவிலிருந்து பிரித்துக் கேட்கப்பட்டுள்ளது. வரையறை மாறிய இரு எண்களுக்கு இடையே எந்தச் சோதனையை ஓட்டினாலும், கிடைக்கும் விடை செலவைப் பற்றியதாக இருக்காது. வரையறையைப் பற்றியதாகவே இருக்கும்.

மீண்டும் அந்தக் கற்பனை நகரின் குழுவுக்கு வருவோம். 1.97 என்ற முடிவு கையில் இருக்கும்போது, எந்தத் தரப்புக்கும் வெற்றி என்று அறிவிக்காமல் மாதிரியைப் பெரிதாக்குவதே குழு செய்யத்தக்கது. 3,000 ரூபாய் அளவுள்ள வேறுபாட்டை ஐந்தில் நான்கு முறையாவது கண்டுபிடிக்க வேண்டுமெனில், செலவுகளின் விலக்கம் இதே அளவில் இருக்குமானால், 75 மாணவர்கள் அளவுக்குத் தேவைப்படும். ஏற்கெனவே கேட்ட 40 பேருடன் 35 பேரைச் சேர்ப்பது எளிது என்று தோன்றும். ஆனால் முடிவைப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது முன்னர் சொன்ன வட்டம் போடும் வேலைக்கு நெருங்கியது. எனவே புதிதாக 75 பேரைக் குலுக்கி எடுத்து, ஒருபுறமா இருபுறமா என்பதையும், போக்குவரத்தும் சீருடையும் செலவில் அடங்குமா என்பதையும், இரு தரப்பின் ஒப்புதலுடன் முதலிலேயே எழுதி வைத்துவிட்டுத் தொடங்குவதே முறையாகும். இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சில களப்பணியாளர்களின் ஓரிரு வார உழைப்பு மட்டுமே.